ஆரஞ்சுக்கும் ராணிக் கலருக்கும் நடுவில்

அக்காவின் காதுக்குள் போன சொல் எதுவும் போன மாதிரியே வாய் வழியாக வெளியே வந்தது கிடையாது. கூர் மழுங்கி, சூடு ஆறி, யாருக்கும் வலிக்காத பதத்தில்தான் வரும். பூனாவில், கசார்வாடியில் நாங்கள் குடியிருந்த அந்தப் பழைய கட்டடத்தில் இது பாதிப்பேருக்காவது தெரிந்திருக்கும். தெரிந்தும் அவரிடமே சொல்லி அனுப்பினோம். நேரில் போய்ப் பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

அவர் தரைத்தளம். நான் அவருக்கு நேர் மேலே. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து வந்த புதிதில் எனக்கு மராட்டியில் ஒரு சொல்கூடப் புரியாது. கணவர் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பால்கனியில் நாலைந்து தொட்டிகளை வைத்துக்கொண்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றுவதை ஒரு வேலையாக வைத்திருந்தேன். ஒருநாள் கீழே பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள் வெளியே வந்து என்னை அண்ணாந்து பார்த்து நீளமாக என்னவோ சொன்னார். முகம் சரியில்லை. அக்கா தன் வாசலுக்கு வந்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். எந்தச் சேதியைச் சொல்வதற்கு முன்னாலும் அந்தச் செருமல் உண்டு. "உன் செடிங்க நல்லா கீதாம். இன்னா உரம் போடறேன்னு கேக்கறாங்க" என்றார்.

நான் உள்ளே ஓடி, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மண்புழு உரத்தில் ஒரு பையை நிரப்பிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் ஒரு தட்டில் பூரண்போளி வந்தது. அதற்கும் மறுநாள், தொட்டிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தால் வேருக்கு நல்லது என்று அக்கா எனக்குச் சொன்னார். தள்ளிவைத்தேன். வெகுகாலம் கழித்து மராட்டி பழகிய பிறகு அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு சொன்னார்: என் தொட்டித் தண்ணீர் அவர் காயவைத்த அப்பளத்தின்மேல் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது, மதராஸிலிருந்து வந்தவர்களுக்குக் கண் தெரியாதா என்று கேட்டிருக்கிறார்.

அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

அக்கா பிறந்தது பூனாவிலேயே, கோர்படி ரயில்வே காலனியில். அப்பாவுக்கு ரயில்வே வேலை. குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் பேச்சில் வேலூர் போகவில்லை. அதோடு ஹிந்தியும் மராட்டியும் சேர்ந்து, பாதி வாக்கியத்தில் பாஷை மாறிவிடும். உயரமாக, ஒல்லியாக இருப்பார். குரல் கரகரவென்று ஆண்பிள்ளைக் குரல் போல இருக்கும். எப்போதும் ஒரு கை கழுத்தடியில் இருக்கும்.

வீட்டில் மூன்று பேர். அக்கா, அவர் வீட்டுக்காரர், மகன். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலே இருந்து கேட்டே தெரிந்துகொண்டேன். பெரியவர் கூடத்திலிருந்து, "பாத்ரூம் லைட்ட அணைக்கச் சொல்லு அவன" என்பார். மகன் பக்கத்து அறையில்தான் இருப்பான். கட்டாயம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அக்கா கூடத்திலிருந்து அறைக்குப் போய், "அப்பா கண்ணு கூசுதுன்றாருடா, லைட்ட கொஞ்சம் பாத்துக்க" என்பார். "அவருக்கு வேற வேலை இல்ல" என்பான் மகன். அக்கா திரும்பக் கூடத்துக்கு வந்து, "அணைச்சுட்டானாம், மறந்துட்டானாம்" என்பார். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை நடை என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஆனால் அக்கா படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வார்.

அவர்கள் வீட்டுக்கு முன்னால், என் பால்கனிக்குக் கீழே, சுவரோடு ஒட்டி நீளவாக்கில் ஒரு துண்டு நிலம் இருந்தது. பெரியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதில் ரோஜா வைத்தார். கனகாம்பர நிறத்தில் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. அது பூத்த குளிர்காலத்திலேயே மகன் போசரி ரோட்டு நர்சரியிலிருந்து நாலு ரோஜாச் செடி வாங்கிவந்தான். அம்மாவுக்கு என்று சொன்னான். அது ராணிக் கலர், அடர்ந்த ரோஸ். புடவைக்கடை விளக்குக்கடியில் பட்டுப்புடவையை விரித்தால் அடிக்குமே, அந்த நிறம். மகன் அதை அந்தத் துண்டு நிலத்திலேயே, அப்பாவின் செடிகளுக்கு எதிரே நட்டான். பெரியவர் வெளியே வந்து பார்த்தார். "என் செடி பக்கத்துல வேற எடமே கெடைக்கலியாமா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அக்கா மகனிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அப்பா, கலர் ஜோரா கீதுன்றாரு."

ஆனால் ஜோராக இல்லை. இரண்டு நிறமும் ஒன்றையொன்று கத்தித் தீர்த்தன. மத்தியான வெயிலில் பால்கனியிலிருந்து குனிந்து பார்த்தால் எனக்குத் தலைவலி வரும். அக்காவுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. பூ பூக்கிறதே என்று விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் முடியாது என்று தலையாட்டினார். "நடுவுல ஒண்ணு இருக்கணும்" என்றார். அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை அது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு வாய் மோர், மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒரு நாள் மூட்டம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்று இருக்கணும்.

ரோஜாவுக்குத் துணையாக என்ன வைக்கலாம் என்று கேட்டால் பூனாவில் எல்லோரும் சொல்வது செண்டுப்பூ. பூச்சி அண்டாது என்பார்கள். அக்கா வைத்துப் பார்த்தார். மஞ்சளும் காவியுமாகச் செண்டு பூத்ததும் இடுப்பில் கைவைத்து நின்று, "மூணாவது ஆளும் வந்து கத்தறான்" என்றார். எல்லாவற்றையும் பறித்துப் பக்கத்து வீட்டு அம்மாளின் கணபதிக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்து வெள்ளை நித்தியகல்யாணி. வெள்ளை வைத்தால் சாந்தமாகிவிடும் என்று நானும் நினைத்தேன். ஆகவில்லை. வெள்ளை நடுவில் வந்ததும் ஆரஞ்சு இன்னும் ஆரஞ்சாகவும், ராணி இன்னும் ராணியாகவும் தெரிந்தன. "இது கோர்ட்டுல ஜட்ஜ் ஒக்காந்த மாதிரி கீது. அவங்க இன்னும் சத்தமா பேசறாங்க" என்று சொல்லிவிட்டு அதையும் எடுத்தார். நர்சரிக்காரர் வெள்ளி நிறத்தில் இலை உள்ள ஒரு செடி கொடுத்தார். சாம்பல் பூசிய மாதிரி இலை. அது நன்றாகத்தான் இருந்தது. அக்கா அதற்கு எதிரே நின்று முதல்முதலாக மூச்சை நிதானமாக விட்டதைப் பார்த்தேன். ஆனால் ஜூன் மாத மழையில் ஒரே வாரத்தில் அழுகிக் கொழகொழத்துப் போய்விட்டது.

அந்த மழைக்காலம் முழுக்க என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே பேச்சுத்தான். இலை சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். பூ கண்ணில் படக் கூடாது. ரோஜாவின் வேரோடு சண்டைக்குப் போகக் கூடாது. இடுப்புக்கு மேலே வளரக் கூடாது. "என்னை மாதிரி ஒரு செடி கேக்கறேன்" என்று ஒருதடவை சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய தொண்டை அப்போதே ரொம்ப மோசமாகியிருந்தது.

கடைசியில் கிடைத்தது மரிக்கொழுந்து. பங்குனி சித்திரையில் இங்கே சாமிக்குச் சாத்துகிற தவணா என்பது நம் ஊர் மரிக்கொழுந்துதான் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தசராவுக்குப் பிறகு ரோஜாக்களை வெட்டிவிட்ட கையோடு அதன் விதையை மணலில் கலந்து தூவினார். வரப்பு ஓரத்தில், கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற மருச்செடி. பின்னால், சுவரை ஒட்டி, நீலமாகக் கதிர் விடுகிற சால்வியா. மார்கழியில் ரோஜாக்கள் பூத்தபோது நான் மேலே இருந்து பார்த்தேன். ஆரஞ்சும் அதுவாகவே இருந்தது, ராணியும் அதுவாகவே இருந்தது. நடுவில் புகை மாதிரி ஒரு சாம்பல் பச்சை. கண் இதிலிருந்து அதற்குப் போவதற்குள் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் போயிற்று. காற்றடித்தால் மணம் மாடிவரை வந்தது. ரோஜாவின் மணமல்ல, அந்த ரோஜாக்களுக்கு மணமே கிடையாது.

வெயில் காலத்தில் மரிக்கொழுந்து செத்துப்போகும். மழைக்கு முன்னால் மருவைப் பெயர்த்துத் தொட்டிகளில் வைத்துத் தாழ்வாரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். மறுபடி தசரா, மறுபடி விதை. ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து. ரோஜாக்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவை நின்ற இடத்தில் நின்றன.

தண்ணீர் விஷயம் தனி. பெரியவர் காலையில் ஊற்றுவார். மகன் வேலை முடிந்து வந்து ஊற்றுவான். அப்பா தன் செடிக்கு மட்டும் ஊற்றுவதாகவும், மகன் தன் செடிக்கு மட்டும் ஊற்றுவதாகவும் கணக்கு. ஆனால் ஒரு துண்டு நிலத்தில் தண்ணீருக்கு அந்தக் கணக்குத் தெரியுமா? எல்லாச் செடியின் அடியிலும் சேறு. இலையில் கறுப்புப் புள்ளி விழுந்தது. அக்கா மகனிடம் போய், "அப்பா உன் செடிக்கும் சேத்து ஊத்திட்டாருடா" என்றார். பெரியவரிடம் போய், "சாயங்காலம் உங்க செடிக்கும் அவன் ஊத்தறேன்னான்" என்றார். இருவரும் சந்தேகமாகப் பார்த்தார்கள், இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அக்காதான் ஊற்றினார்.

அவர்கள் ஏன் பேசுவதில்லை என்பதை அக்கா ஒரே ஒருதடவை எனக்குச் சொன்னார். போசரியில் ஒரே கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. அப்பா ஃபோர்மேன், மகன் மெஷின் ஷாப்பில். ஒரு வருஷம் வேலைநிறுத்தம் நடந்தது. மகன் கேட்டுக்கு வெளியே மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தான். ஓய்வு பெறப் பெரியவருக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. ஒருநாள் காலையில் அவர் டிபன் பாக்ஸோடு மகன் கண்முன்னாலேயே கேட்டுக்குள் போனார். வேலைநிறுத்தம் தோற்றது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் சிலரைத் திரும்ப எடுக்கவில்லை. மகன் அதில் ஒருவன். பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் நின்றது. பிறகு பழைய ஹைவே ஓரத்தில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே டூவீலர் ரிப்பேர்க் கடை போட்டான்.

"வூட்ட வுட்டுப் போறேன்னு பெட்டி கட்டிட்டான். எப்பிடியோ நிறுத்திட்டேன்" என்றார் அக்கா. எப்படி என்று நான் கேட்கவில்லை.

அவருடைய வேலையின் ருசியை நானும் அறிந்திருந்தேன். எனக்கும் கணவருக்கும் ஒரு சமயம் பேச்சு குறைந்துபோயிருந்தது. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் களைத்திருந்தோம், அவ்வளவுதான். ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று பையை எடுத்து வைத்திருந்தேன். அக்கா மேலே வந்தார். பையைப் பார்த்தார். செருமினார். "காலைல உங்க வூட்டுக்காரர் வாசல் கேட் கிட்ட நின்னுகினு இருந்தாரு. அவ இல்லன்னா இந்த ஊர்ல எனக்கு இன்னா கீதுன்னு சொன்னாருமா" என்றார்.

நான் ஊருக்குப் போகவில்லை. ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் கை தட்டில் நின்றது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டதாகத்தான் அவருக்கு ஞாபகம். "நான் அப்படிச் சொல்லலை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பொய்யின்னும் சொல்ல முடியலை" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. இருந்தாலும் மறுநாள் அக்காவிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"சொல்லலியா? யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எனக்குச் சொன்ன எல்லா நல்ல வார்த்தைகளையும் நான் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பற்றிச் சொன்னதாகச் சொன்னது. என் சமையலைப் பற்றி யாரோ சொன்னதாகச் சொன்னது. எது யாருடையது, எது அக்காவுடையது என்று பிரிக்க முடியவில்லை. அவர்மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. ஆனால் அவர் செருமினால் எனக்குள் ஏதோ ஒன்று உஷாராகிவிடும்.

அவருடைய குரல் ஒரு குளிர்காலத்தில் அடியோடு போயிற்று. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு சில வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னார். நீங்கள் டீச்சரா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்று இவர் சொன்னாராம்.

நான் ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அதைத் தள்ளி வைத்தார். தமிழ் அவருக்கு எழுத வராது, ஆனால் மராட்டியில் நன்றாக எழுதுவார். எழுதிக் காட்டலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். எழுதினால் எழுதியபடியே நின்றுவிடும் என்று அவர் பயந்ததாக இப்போது நினைக்கிறேன்.

முதல் சில நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. பிறகு ஒரு காலை மகன் சுவரிடம் கேட்பது போல, பால் காய்ச்சியாயிற்றா என்று கேட்டது மேலே என் காதில் விழுந்தது. பெரியவரும் எங்கேயோ பார்த்துக்கொண்டே, ஆயிற்று என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை எது, எப்போது என்று பேசினார்கள். கஞ்சியில் உப்பு போட்டாயிற்றா என்று பேசினார்கள். கட்டடம் முழுக்க இதைக் காதில் வாங்கிச் சந்தோஷப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் கணபதிக்குத் தேங்காய் உடைத்தார்.

நான் ஒரு மத்தியானம் ரசம் கொண்டுபோனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். மகன் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தான். பெரியவர் அவனுக்குத் தன் கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றேன். அக்காவின் கண் நிறைந்திருந்தது.

பெரியவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ அப்போ சொன்ன ஒரு வார்த்தைதான்டா என்னைத் தூங்க வெச்சுது."

"என்ன வார்த்தை?"

"அப்பா எடத்துல நான் இருந்தாலும் உள்ளதான் போயிருப்பேன்னு சொன்னியே. அம்மா வந்து சொன்னா."

மகன் சாப்பிடுவதை நிறுத்தினான். "நான் சொல்லல."

"சொன்னேடா. அம்மா சொன்னா."

"நான் எப்படிப்பா அதைச் சொல்வேன்? என்னோட ஒக்காந்திருந்தவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நீங்கதான் சொல்லி அனுப்பினீங்க, உள்ள போனது தப்பு, பையன் மூஞ்சியப் பாக்க வெக்கமா கீதுன்னு. அதுக்காகத்தான் நான் கட்டின பெட்டியப் பிரிச்சேன்."

பெரியவர் சோற்றுப் பாத்திரத்தை மூடினார். பிறகு நிதானமாக, "நான் தப்புன்னு சொல்லலடா. இன்னிக்கும் சொல்லல" என்றார்.

இருவரும் ஒருசேரக் கட்டில் பக்கம் திரும்பினார்கள். அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒன்றுசேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. இத்தனை காலம் தன் பிள்ளையோடு வாழ்கிறோம் என்று நினைத்திருந்ததாகவும், எல்லாம் அவளோடு மட்டுமே வாழ்ந்த வாழ்க்கையாகப் போயிற்று என்றும் சொன்னார். மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா பேசினதுன்னு நான் நெனச்சதெல்லாம் நீ பேசினதாம்மா?"

அக்காவின் வாய் திறந்தது. டாக்டர் சொன்ன கெடு இன்னும் முடியவில்லை. அவர் நினைத்திருந்தால் பேசியிருக்கலாம், ஒரு வார்த்தைதானே. கை கழுத்துக்குப் போயிற்று. வாயை மூடிக்கொண்டார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ரசப் பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பாவும் மகனும் ஒரே ஸ்கூட்டரில் அக்காவுக்கு மாத்திரை வாங்கப் போனார்கள். பெரியவர் பின்னால் உட்கார்ந்து மகன் தோளைப் பிடித்திருந்தார். வாசலில் நின்ற எல்லோரும் பார்த்தோம்.

கெடு முடிந்ததும் அக்கா கோர்படிக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. குரல் பாதிதான் திரும்பியிருந்தது. எனக்குக் கையசைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அவர் இல்லாத வீட்டில் இருவரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டார்கள். அந்த கேட்டைப் பற்றி, வேலைநிறுத்தத்தைப் பற்றி, நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி. அக்கா இத்தனை வருஷம் வாங்கி வைத்திருந்த கூரெல்லாம் வெளியே வந்தது. ஒருதடவை தட்டு பறந்தது. நான் பயந்து கணவரைக் கீழே அனுப்பினேன். அவர் போனபோது இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

கவனிக்க ஆளில்லாமல் மரிக்கொழுந்து காய்ந்தது. மருவைக் களை என்று நினைத்துப் பெரியவர் பிடுங்கினார். சால்வியா இருந்த இடத்தில் மகன் மிளகாய் நட்டான். ரோஜாக்கள் மட்டும் நின்றன. அந்த வருஷம் அவை பூத்தபோது நான் பால்கனிக் கதவைத் திறக்கத் தயங்கினேன். முதல் சில நாள் கண் கூசியது. பிறகு, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, கூசவில்லை. துணி உலர்த்தப் போனால் சும்மா நின்று பார்க்கவும் ஆரம்பித்தேன். அந்த இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில் என்னவோ ஒரு தெம்பு இருந்தது.

அக்கா பிறகு திரும்பி வந்தார். மகன் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டான். அதற்குள் நாங்கள் ஊரின் வேறு பக்கத்துக்கு வீடு மாறிவிட்டோம். போய்ப் பார்க்கும்போதெல்லாம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது எதையாவது சொல்லி அனுப்பச் சொன்னால், "நீயே போய்ச் சொல்லு" என்பார். மண்ணைத் தொடவே இல்லை. அந்த வருஷங்களின் அக்காவைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும். நான் சொல்ல நினைப்பது அவர் திரும்பி வருவதற்கு முன்னால், கோர்படியில் ஒரு மத்தியானம் நடந்ததை.

அவரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் பெரியவர் தானும் வருவதாகச் சொன்னார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தங்கை வீட்டுத் தெருமுனை வந்ததும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நீங்களே வந்து பேசுங்கள் என்றேன். கால் வரவில்லை என்றார். பிறகு, "இன்னும் கோவம் தீரலன்னு சொல்லு. ஆனா வூட்டுக்கு வரணும்னு சொல்லு" என்றார்.

அக்கா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று போய் முடிகிறவரை காத்திருந்து, குசலம் விசாரித்துவிட்டு, அவர் சேதி அனுப்பியிருக்கிறார் என்றேன். அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அவரு சொன்னத அப்பிடியே சொல்லு. ஒண்ணும் சேக்காத" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

அப்படியே சொன்னேன். அவர் அதை வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். "கோவம் தீரலன்னாரா?"

"ஆமாங்க்கா."

"அது அவருதான்" என்றார். முகத்தில் வருத்தம் தெரியவில்லை.

பிறகு செடிகளைப் பற்றிக் கேட்டார். மருவைப் பிடுங்கிவிட்டதைச் சொன்னேன், மிளகாயைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். "ரோஜா பூத்துச்சா? நடுவுல ஒண்ணும் இல்லாம எப்பிடி கீது?"

"நல்லாத்தானுங்க்கா இருக்குது."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அவ்வளவு கவனமாக யாரும் என்னைப் பார்த்ததில்லை. "நெஜமாவா, எனக்காவ சொல்றியா?"

"நெஜமாத்தானுங்க்கா. கண்ணு பழகிடுச்சு. பாக்க நல்லாவே இருக்குது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெயில் அவருடைய கால்மேல் விழுந்திருந்தது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வெகுதூரம் நடந்து வந்தவர் செருப்பைக் கழற்றுவது போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்ப நான் கொஞ்சம் படுத்திருந்திருக்கலாம்" என்றார்.

எழுந்து உள்ளே போய்ப் பாயில் படுத்துக்கொண்டார். தங்கை தண்ணீர் கொண்டுவருவதற்குள் தூங்கிவிட்டார். வந்த நாளிலிருந்து இப்படித்தான் தூங்கிக்கொண்டே இருக்கிறார், எழுப்ப மனசு வரவில்லை என்று தங்கை மெதுவாகச் சொன்னார்.

நான் டீக்கடைக்கு வந்தேன். பெரியவர் எழுந்து நின்றார். டீ குடிக்காமலே ஆறியிருந்தது. "இன்னா சொன்னா?" என்று கேட்டார்.

"தூங்கறாங்க."

அவர் தெருவைப் பார்த்தார், பிறகு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "எழுப்ப வேணாம். நான் போய் ஒக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, என்னை எதிர்பார்க்காமல் அந்த வீட்டை நோக்கி நடந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனதைப் பார்த்தேன்.

கசார்வாடி பஸ்ஸில் நான் தனியாகத்தான் திரும்பினேன்.